வன்னி வீட்டுக் கொம்பியூட்டர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பரந்தன் பக்கம் கன வருடமாகக் கொம்பியூட்டர் திருத்துகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று சுற்றிவர உள்ள ஊர்களில் இருந்து ஆட்கள் கொண்டுவருகிற சாமான் வேறு வேறாக இருந்தாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். எழுதி வைத்தால் பலருக்குப் பஸ் ஏறி வருகிற செலவாவது மிஞ்சும் என்று நினைத்தேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி பழுதானால் வேறு பெட்டி வாங்கலாம். அதற்குள் இருக்கிற படமும் கடிதமும் பிள்ளையின் படிப்பும் போனால் வாங்க முடியாது. கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

இடி மின்னல் நேரத்தில் சுவிச்சை நிற்பாட்டினால் போதாதா?

போதாது. சுவிச்சுக்குள்ளே இருக்கிற இடைவெளி சில மில்லிமீற்றர்தான். முகிலில் இருந்து கிலோமீற்றர் கணக்கில் பாய்ந்து வருகிற மின்னலுக்கு அது ஒரு தடையே இல்லை. பிளக்கைக் கழற்றுங்கள். ஏப்ரல் பின்னேரங்களிலும், ஒக்டோபர், நவம்பரில் மாரி தொடங்கும்போதும் வானம் கறுத்தால் இதைப் பழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். இடி கேட்ட பிறகு பிளக்கில் கைவைக்கக் கூடாது, முன்னமே கழற்ற வேண்டும்.

பலர் மறப்பது அடுத்த வயரை. கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு ரௌட்டரில் இருந்து கொம்பியூட்டருக்கு வருகிற லான் வயரை அப்படியே விட்டுவிடுவார்கள். போன மாரியில் வந்த ஒரு மதர்போர்டை இன்னும் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. பவர் சப்ளையில் ஒரு குறையும் இல்லை. லான் வயர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னவிரல் நகமளவு ஒரு சில்லு, அதன் நடுவில் குண்டூசி முனையளவு ஓட்டை, சுற்றிவரக் கரி. மின்னல் பழைய செப்பு ரெலிபோன் லைனால் வந்து, ரௌட்டருக்குள் ஏறி, அங்கிருந்து இதற்குள் இறங்கியிருக்கிறது. ஃபைபர் லைன் என்றால் அது கண்ணாடி நூல், அதனால் மின்னல் வராது. ஆனால் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு கரண்ட் அடப்டர் உண்டு, அதைக் கழற்றத்தான் வேண்டும்.

பெட்டியின் தகரத்தைத் தொட்டால் கையில் சுள்ளென்று இழுக்கிறது. என்ன செய்வது?

வீட்டில் ஏர்த் இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை. கொம்பியூட்டர் பவர் சப்ளையில் இருந்து மிகச் சிறிய கசிவு எப்போதும் தகரத்துக்கு வரும். அது ஏர்த் வயரால் மண்ணுக்குள் போக வேண்டும். போக வழியில்லாவிட்டால் உங்கள் கையைத் தேடும். எங்கள் பக்கம் கோடையில் மண் காய்ந்து இறுகிவிடுவதால், மாரியில் சரியாக இருந்த ஏர்த் கம்பிகூட ஆடியில் வேலை செய்யாமல் போகும். வயறிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மூன்று ஓட்டை உள்ள சொக்கற்றின் மேல் ஓட்டைக்குள் பேனை மூடியைக் குத்தி, இரண்டு முள் பிளக்கை உள்ளே தள்ளுகிற வழக்கம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அடப்டர் வாங்குங்கள்.

யூபிஎஸ் கட்டாயமா?

லப்டொப்புக்குத் தேவையில்லை, அதன் பற்றரியே யூபிஎஸ்தான். டெஸ்க்ரொப் என்றால் வாங்குங்கள். 650 விஏ யூபிஎஸ், கரண்ட் போன பிறகு ஒரு சாதாரண வீட்டுக் கொம்பியூட்டரை ஐந்து, பத்து நிமிடம் தாங்கும். அது வேலையைத் தொடர்வதற்கான நேரம் இல்லை, சேவ் பண்ணி ஒழுங்காக நிற்பாட்டுவதற்கான நேரம். உள்ளே இருக்கிற 12 வோல்ட் பற்றரி இரண்டு, மூன்று வருடத்தில் செத்துவிடும். அப்போது பற்றரியை மட்டும் மாற்றினால் போதும், முழு யூபிஎஸ்ஸையும் எறியாதீர்கள். லேசர் பிரிண்டரை அதில் செருகவே கூடாது. சூடேறும்போது அது இழுக்கிற கரண்டை யூபிஎஸ் தாங்காது.

வெளிநாட்டில் இருந்து மாமா பழைய லப்டொப் ஒன்று அனுப்புகிறார். என்ன சொல்லி அனுப்பச் சொல்ல வேண்டும், அண்ணை?

நல்ல நேரத்தில் கேட்டீர்கள், பெரும்பாலும் பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் கேட்பார்கள். மாமாவுக்கு முதலில் சொல்ல வேண்டியது: தன் பெயரில் இருக்கிற எக்கவுண்டை முழுதாக நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும். ஐபோன், மக்புக், ஐபாட் என்றால் இது மிக முக்கியம். அவருடைய ஐகிளவுட் பூட்டு உள்ளே இருந்தால் இங்கே எந்தக் கடைக்காரராலும் நேர்மையாகத் திறக்க முடியாது. அன்ட்ரொயிட் போனில் கூகிள் பூட்டும் அப்படித்தான். வேலைத்தலத்தில் கழித்துக் கொடுத்த லப்டொப் என்றால், கம்பனி தன் பூட்டை எடுத்துவிட்டதா என்று அங்கேயே கேட்டு அறிந்து அனுப்பச் சொல்லுங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் இன்ரநெற்றைத் தொட்டவுடன் கம்பனியின் பெயர் திரையில் வந்து நிற்கும்.

இரண்டாவது, கரண்ட். எங்களுக்கு 230 வோல்ட், கனடாவில் 120. லப்டொப் சார்ஜரின் பின்பக்கத்தில் 100-240 என்று எழுதியிருந்தால் ஒரு பயமும் இல்லை, முள் மாற்றுகிற அடப்டர் போதும். கனடாவில் இருந்து வந்த பிரிண்டரையும் ஸ்பீக்கரையும் அப்படி நம்பி செருகாதீர்கள். பல 120 மட்டும்தான் தாங்கும், செருகிய மறுகணம் புகை. பழைய டெஸ்க்ரொப்பில் பின்பக்கம் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று ஒரு சின்ன மாற்றி இருக்கும். 230இல் இருக்கிறதா என்று வடிவாகப் பார்த்த பிறகுதான் செருக வேண்டும்.

அப்புறம் கீபோர்ட். சுவிஸ், ஜேர்மனியில் இருந்து வருவதில் ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கும். பிரான்சில் இருந்து வருவதில் ஏ இருக்கிற இடத்தில் கியூ இருக்கும். பிள்ளை பாஸ்வேர்ட் சரியாக அடித்தும் உள்ளே போகவில்லை என்று கொண்டுவருவார்கள், காரணம் இதுதான். செட்டிங்ஸில் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றினால் எழுத்து வழமையான இடத்துக்கு வந்துவிடும். கட்டைகளின் மேல் அச்சடித்திருப்பது மட்டும் மாறாது. அதற்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் கிடைக்கிறது.

விமானத்தில் கொண்டுவருகிறவர் லப்டொப்பையும் பவர் பாங்கையும் கைப்பையில் வைக்கட்டும். பவர் பாங்கை லக்கேஜில் போட விடமாட்டார்கள். கைப்பேசி என்றால் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அடித்து வருகிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை, முன்னரே கேட்டு வாங்குங்கள். ஐஎம்இஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு மெசேஜ் பண்ணினால், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். இங்கே கடையில் வாங்கும்போதும் காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்யலாம்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். என் கொம்பியூட்டர் இனி வேலை செய்யாதா?

வேலை செய்யும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை நிற்பாட்டியது, அவ்வளவுதான். கதவு பூட்டுகிறது, ஆனால் பூட்டு தேய்ந்தால் மாற்ற ஆள் இல்லை. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு ஒன்று அறிவித்தார்கள். மைக்ரோசொஃப்ட் எக்கவுண்ட் ஒன்றில் உள்நுழைந்து, செட்டிங்ஸை அதோடு இணைத்துக்கொண்டால் காசு கட்டாமலே அதில் சேரலாம். அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு வரும்.

விண்டோஸ் 11க்கு மாற, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ உள்ள ப்ரொசஸர், 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு எல்லாம் கேட்கும். வெளிநாட்டில் இருந்து வருகிற பழைய லப்டொப்புகள் பல இந்த வரம்புக்குள் வராததால்தான் அங்கே கழிக்கிறார்கள். இது தெரிந்து வாங்குங்கள்.

வரம்புக்குள் வராத பெட்டிக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாம். இலவசம். பழைய விண்டோஸ் போலவே கீழே மெனு, திரையில் சின்னச் சின்னப் படங்கள். லிபர் ஒஃபிஸில் கடிதம் அடிக்கலாம், தமிழ் அழகாகத் தெரியும். பிள்ளைகள் சூமில் வகுப்புப் பார்க்கவும், கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடம் பார்க்கவும் அது தாராளம். ஒரு குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் உங்கள் தொழிலுக்குக் கட்டாயம் என்றால் மட்டும் மாறாதீர்கள்.

கிராக் பண்ணின விண்டோஸ், ஒஃபிஸ் போடலாமா?

வேண்டாம். அதை ஓட்ட, முதலில் வைரஸைத் தடுக்கிற டிபெண்டரை நிற்பாட்டச் சொல்லும். காவல் நாயைக் கட்டிவைத்துவிட்டு வா என்று சொல்கிறவனை வீட்டுக்குள் விடுவீர்களா? டிபெண்டர் விண்டோஸோடு இலவசமாக வருகிறது. வீட்டுக்கு அது போதும், காசு கொடுத்து அன்ரிவைரஸ் வாங்கத் தேவையில்லை.

லப்டொப் ஆமை போல ஊர்கிறது. ராம் கூட்டினால் சரியாகுமா?

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். எப்போதும் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் பழைய சுழலும் ஹாட் டிஸ்க். அதற்குப் பதிலாகச் சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி போடுங்கள். நான் செய்கிற வேலைகளில் கொடுத்த காசுக்கு உடனே பலன் தெரிவது இதில்தான். ராம் 4 ஜிபி என்றால் அதன் பிறகு 8 ஆக்கலாம்.

கொம்பியூட்டருக்குள் எறும்பு. மருந்து அடிக்கலாமா?

அடிக்கவே கூடாது, அந்த ஈரம் போர்டை அரித்துவிடும். சூடும் இருட்டும் உள்ள இடத்தை எறும்பு விரும்பும். மாரி தொடங்கியதும் ரௌட்டருக்குள் முட்டையோடு குடியேறும். பிளக்கைக் கழற்றி, திறந்து, பெயின்ற் பிரஷால் மெதுவாகத் தட்டி விடுங்கள். பெட்டியை நிலத்தில் இருந்து ஒரு முழம் உயர்த்தி, சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

எறும்பைவிட எங்களுக்குப் பெரிய எதிரி சோழகம் கிளப்புகிற செம்மண் புழுதி. ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை அடிக்கிற காற்றில் அது விசிறிக்குள் போய், அதை ஒட்டியிருக்கிற அலுமினியத் தகடுகளின் இடைவெளியில் கம்பளி போலப் படிந்துவிடும். வருடத்தில் ஒரு தரம், சோழகம் ஓய்ந்த பிறகு, திறந்து துப்புரவாக்குங்கள். புழுதி போக உள்ளே காற்று ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா விட்டால் வேகமாகச் சுழன்று அதுவே பழுதாகும். லப்டொப்பை மெத்தைமேல் வைத்துப் பாவிக்காதீர்கள். அதன் அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ மேசையில் வைத்தால் ஆடினாலோ பற்றரி வீங்கியிருக்கலாம். உடனே நிற்பாட்டுங்கள், சார்ஜ் பண்ண வேண்டாம், குத்த வேண்டாம்.

கொமினிகேசன் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்தேன். பென் ட்ரைவில் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டது. ஃபைல்கள் அழிந்துவிட்டனவா?

பெரும்பாலும் அழிந்திருக்காது, ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். அந்த ஷோர்ட்கட்டை அழுத்தாதீர்கள், அழுத்தினால் உங்கள் கொம்பியூட்டருக்கும் வைரஸ் ஏறும். ஃபோல்டர் சாளரத்தில் வியூ என்பதற்குள் ஹிடன் ஐட்டம்ஸைத் தெரிவு செய்யுங்கள், மங்கலாக உங்கள் ஃபைல்கள் தெரியும். அதற்கும் தெரியாவிட்டால் கொண்டுவாருங்கள், ஒரு கட்டளையில் வெளியே வரும். டிபெண்டரால் ஸ்கான் பண்ணி, ஃபைல்களை வேறு இடத்தில் பிரதி எடுத்து, பென் ட்ரைவை ஃபோர்மட் பண்ணுங்கள். இனிமேல் அச்சடிப்பதற்கென்று தனியாக ஒரு சின்னப் பென் ட்ரைவ். பிள்ளையின் சான்றிதழ்களும் குடும்பப் படங்களும் உள்ளதைக் கடைக்குக் கொண்டுபோகக் கூடாது.

தமிழில் அடித்து அனுப்பிய கடிதம் அங்கே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறதாம். ஏன்?

பாமினியில் அடித்திருப்பீர்கள். பாமினி ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் முகமூடி கழன்றுவிடும். யுனிகோட் அப்படியில்லை. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்கு என்று சொந்த இடம் கொடுத்துவிட்டார்கள். போனிலும் கொம்பியூட்டரிலும் எங்கே திறந்தாலும் தமிழாகவே நிற்கும், கூகிளில் தேடினாலும் அகப்படும்.

கை பாமினிக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பழகிய கையை மாற்றத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசை அமைப்பைத் தெரிவு செய்தால், விரல் பழைய இடத்திலேயே போகும், திரையில் யுனிகோட் விழும். புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கு விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டும் இருக்கின்றன. பழைய பாமினிக் கடிதங்களை மாற்றுகிற இலவசக் கருவிகளும் உண்டு. மாற்றிய பிறகு ஒருதரம் வாசித்துப் பாருங்கள், கொம்பு, துணைக்கால் இடங்களில் சில நேரம் பிசகும். கந்தோருக்கு அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

டேட்டா காற்றாய்ப் பறக்கிறது. என்ன செய்யலாம்?

வைஃபை செட்டிங்ஸில் மீற்றர்ட் கனெக்‌ஷன் என்பதைப் போட்டுவிட்டால் விண்டோஸ் தன்பாட்டில் பெரிய அப்டேட்களை இறக்குவது பெரும்பாலும் நிற்கும். மாதம் ஒரு தரம் நீங்களாகவே அதைத் திறந்து இறக்குங்கள். வட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிற்பாட்டுங்கள். யூடியூப் பாடத்துக்கு 360 என்ற படத்தரம் போதும்.

சிம் ரௌட்டரைத் தகரக் கூரைக்கு நேர் கீழே, அலுமாரிக்குள் வைக்காதீர்கள். தகரம் சிக்னலை மறைக்கும். சிக்னல் கோபுரம் இருக்கிற பக்க யன்னலில் உயர வையுங்கள்.

எங்கள் கிராமத்துக்கு ஸ்டார்லிங்க் சரிவருமா?

செய்மதியில் இருந்து வருகிற இந்த இன்ரநெற் 2025 ஜூலையில் இருந்து இலங்கையில் கிடைக்கிறது. வானத்தை மறைக்கிற மரம் இல்லாத முற்றம் வேண்டும், சாதாரண ரௌட்டரைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், செலவும் கூட. ஒரு வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். கோபுரமே எட்டாத ஒதுக்குப்புறத்தில் பள்ளிக்கூடமோ வாசிகசாலையோ சேர்ந்து போட்டால் பிரயோசனம்.

தங்கச்சியின் வட்ஸ்அப்பில் இருந்து மாமாவுக்கு, "அவசரம், காசு போடுங்கோ" என்று போயிருக்கிறது. அவள் அனுப்பவில்லை. இப்போது என்ன செய்வது?

முதல் வேலை, குடும்பத்தில் எல்லாருக்கும் போன் எடுத்துக் கதைத்துச் சொல்வது. மெசேஜ் போட வேண்டாம், குரலில் சொல்லுங்கள். இரண்டாவது, அவளுடைய போனில் வட்ஸ்அப்பை மறுபடி போட்டு, அவளுடைய நம்பரைக் கொடுத்து, வருகிற 6 இலக்க எண்ணை அடிக்க வேண்டும். அடித்தவுடன் உள்ளே இருக்கிறவன் வெளியேற்றப்படுவான். அவன் தனக்கென்று பின் எண் ஒன்று போட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனாலும் அவன் வெளியேதான். இணைந்திருக்கிற கருவிகளைக் காட்டுகிற லிங்க்ட் டிவைசஸ் பட்டியலையும் பார்த்துத் தெரியாததை நீக்குங்கள்.

எப்படி உள்ளே வந்தான் என்றால், அதே 6 இலக்க எண்ணைத் தங்கச்சியே கொடுத்திருப்பாள். "தவறி உங்களுக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்புங்கோ" என்று தெரிந்தவரின் பெயரில் கேட்டிருப்பார்கள். அந்த எண்ணை அம்மா கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஏமாந்ததற்காகப் பிள்ளையை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை வீட்டில் சொல்லப் பயப்படும், அந்த இடைவெளிதான் கள்ளனுக்குத் தேவை. கொம்பியூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101 இலக்கத்தில் அறிவிக்கலாம். காசு போயிருந்தால் வங்கிக்கு உடனே சொல்லிவிட்டுப் பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். வட்ஸ்அப் செட்டிங்ஸில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை, அதாவது உங்களுக்கென்று ஒரு பின் எண்ணை, இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

இப்போது ஏஐ மூலம் குரலையும் போலியாகச் செய்கிறார்கள். வீட்டுக்கென்று ஒரு சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காசு கேட்கிற எவரும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மம்மாவுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

தம்பி, மகனின்ர ஒரேயொரு படம் இருக்கு. அடையாள அட்டைக்கு எடுத்தது. பெரிசாக்க ஏலுமோ?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களை நான் முதலில் கதிரையில் இருத்துவேன். 2009இல் இடத்துக்கு இடம் ஓடியபோது அல்பமும் பெட்டியும் பங்கருக்குள்ளும் வீதியிலும் போய்விட்டன. மடியில் பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்த ஒன்றிரண்டுதான் மிச்சம். ஓர் அம்மா கொண்டுவந்த படத்தில் முகத்தின் ஒரு பக்கம் பொலித்தீனோடு ஒட்டியிருந்தது. அவர் அதை இழுத்து எடுக்காமல் அப்படியே கொண்டுவந்தது பெரிய காரியம். ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தாலும் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் பண்ணலாம்.

ஸ்கான் பண்ணும்போது அளவு முக்கியம். கடையில் வழமையாக 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், எடுப்பார்கள். 3.5 சென்ரிமீற்றர் அகலமான படம் அதில் ஏறக்குறைய 413 புள்ளிதான் வரும், பெரிசாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். 1200இல் எடுக்கச் சொன்னால் 1650 புள்ளி கிடைக்கும், ஏ4 தாளுக்கு அது போதும். ஸ்கானர் இல்லாவிட்டால் காலை வெயில் நேரே விழாத விறாந்தையில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனை நேர் மேலே பிடித்து எடுங்கள்.

பழைய படத்தைக் கூர்மையாக்குகிற ஏஐ செயலிகள் நிறைய வந்துவிட்டன. இதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. படத்தில் இல்லாத விபரத்தை அந்தச் செயலி கண்டுபிடிப்பதில்லை, தானாக ஊகித்து வரைகிறது. பல்லையும் கண்ணையும் வேறு ஆயிரம் முகங்களில் இருந்து கற்றுப் போடுகிறது. ஒரு தடவை அப்படிச் செய்து காட்டியபோது, அந்த அம்மா திரையைக் கனநேரம் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு, ஆனா இது அவன் இல்லை" என்றார். அதன் பிறகு கீறலை அழிப்பதோடும் வெளிச்சத்தைச் சரிசெய்வதோடும் நிற்பாட்டிவிடுகிறேன். ஏஐயில் செய்யத்தான் வேண்டும் என்றாலும், தொடாத மூலப் பிரதி ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

பிரதி மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒன்று வீட்டுக் கொம்பியூட்டரில், ஒன்று கூகிள் எக்கவுண்டில், ஒன்று வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ உள்ள சொந்தக்காரரிடம். பென் ட்ரைவை மட்டும் நம்பி அலுமாரிக்குள் பத்து வருடம் வைக்காதீர்கள், சும்மா கிடந்தே அதில் உள்ளது அழியலாம். கூகிளில் 15 ஜிபி இலவசம். ஆனால் 2 வருடம் திறக்காமல் விட்ட எக்கவுண்டை அழிக்கலாம் என்பது அவர்களின் விதி. அதனால் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு தரமாவது யாராவது உள்ளே போய்ப் பாருங்கள்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணச் சொல்லுங்கள். எடுத்த ஸ்ரூடியோவின் முத்திரையும், திகதியும், சில நேரம் அவருடைய கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.